காரைக்குடிப் பக்கத்திலிருந்து தொற்றுநோய்க் கணக்கைப் பின்தொடர்வது எப்படி?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் பக்கம் போன உயிர்களுக்கும், தினசரி அறிக்கையில் சிவகங்கை மாவட்டத்துக்கு வந்த எண்ணுக்கும் பொருத்தமே இல்லை. அரசு மறைத்ததா, இல்லை எங்களுக்குத்தான் அப்படித் தோன்றியதா? அடுத்து டெங்குவோ வேறு எதுவோ வந்தால் எங்கள் ஊர்ச் சங்கம் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?"

நான் சுகாதாரத் துறையில் புள்ளியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். படிவம் நிரப்புவது, நிரப்பாதவர்களைத் துரத்துவது, வந்த படிவத்தைக் கூட்டி மேலே அனுப்புவது, இதுதான் என் உத்தியோகம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

மறைத்தார்களா என்பதற்கு முதலில் வருகிறேன், அதுதான் உங்களை உறுத்துகிறது. சில இடங்களில் மறைத்திருக்கலாம். ஆனால் யாரும் எதையும் மறைக்காத ஊரிலும் உங்கள் கணக்கும் அறிக்கையின் கணக்கும் ஒத்துப்போயிருக்காது. நீங்கள் எண்ணியது ஊரில் விழுந்த சாவுகளை. அறிக்கை எண்ணியது, பரிசோதனையில் பாசிட்டிவ் வந்து, மருத்துவமனைப் பதிவில் ஏறி, கொரோனா மரணம் என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டு, அன்றைய அறிக்கை மூடும் முன் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பெயர்களை. இந்த நாலு வாசலில் ஏதாவது ஒன்றில் தடுக்கினாலும் ஆள் கணக்கில் வரமாட்டார்.

உங்கள் ஊரில் 70 வயது ஆச்சி ஒருவர் காய்ச்சலில் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைக்கு உடனே போகவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியதும் மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு தெளிவாகத் தெரிகிறது, ஆனால் நாள் கடந்துவிட்டதால் பி.சி.ஆர். நெகட்டிவ் என்கிறது. ஆச்சி இறந்துபோகிறார். மருத்துவர் எழுதும் இறப்புக் காரணச் சான்றில் நிமோனியா. ஊரில் எல்லோருக்கும் அது கொரோனா சாவு, அறிக்கைக்கு அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே இரண்டு குறியீடு கொடுத்திருந்தது: பரிசோதனையில் உறுதியானதற்கு யூ07.1, மருத்துவர் அறிகுறிகளை வைத்து முடிவு செய்ததற்கு யூ07.2. இரண்டையும் எண்ண வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நடைமுறையில் தினசரி அறிக்கைகளில் பெரும்பாலும் முதல் வகைதான் ஏறியது.

இது வெறும் அனுமானமில்லை, பிற்பாடு நடந்ததே சாட்சி. 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும், கொரோனா மரணமாகவே கொள்ள வேண்டும் என்று வரையறையும் விரிந்தது. குஜராத்தில் அறிக்கைப்படி இறந்தவர்கள் 10,000 சொச்சம். 2022 ஜனவரியில் அந்த மாநில அரசே ஒப்புக்கொண்டு அனுமதித்த நிவாரண மனுக்கள் 68,000க்கு மேல். வைரஸ் அதேதான், மாநிலம் அதேதான், எண்ணும் விதி மாறியதும் எண் ஆறு மடங்குக்கு மேல் போய்விட்டது. இது எதிர்ப்பக்கமும் நடக்கும். 2020 ஆகஸ்டில் பிரிட்டன், பாசிட்டிவ் வந்து 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டுமே எண்ணுவது என்று வரையறையைச் சுருக்கியது. 5,377 மரணங்கள் ஒரே நாளில் கணக்கிலிருந்து இறங்கின. ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும், அதன் வரையறை என்ன, எப்போது மாறியது என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அது அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

அடுத்தது இடம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. செட்டிநாடு என்பது எந்த அரசுப் படிவத்திலும் ஓர் அலகாக இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம். அந்தப் புதுக்கோட்டையையும் சுகாதாரத் துறை புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று இரண்டு சுகாதார மாவட்டங்களாக வைத்திருக்கிறது. உறவும் சம்பந்தமும் இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை, நோயும் பார்ப்பதில்லை, ஆனால் கணக்கு பார்க்கும். அதோடு இங்கே நோய் முற்றினால் மதுரைக்கோ திருச்சிக்கோதான் ஓடுகிறோம். இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். ஆக, அந்த ஆச்சியின் பெயர் மதுரைப் பதிவேட்டில் இருக்கும். காரைக்குடிப் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லையே" என்றால் தப்பு. மதுரைப் பதிவேட்டை மட்டும் பார்த்தவர், மதுரைக்காரர்கள் கொத்துக்கொத்தாகப் போய்விட்டார்கள் என்று பயந்துபோவார். அதுவும் தப்பு. நல்லவேளையாக இறப்புப் படிவத்தில் இறந்த இடமும் குடியிருந்த ஊரும் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. அந்த இரண்டாவது கட்டத்தை வைத்துப் பிரித்தால்தான் உங்கள் ஊர்க்கணக்கு வரும்.

மூன்றாவது தேதி. செட்டிநாட்டு ஆட்களுக்கு இதை விளக்குவது எளிது. தினசரி அறிக்கை என்பது சிட்டை மாதிரி. அன்றைக்கு என்ன வந்து சேர்ந்ததோ அதை அப்படியே எழுதுவது. பேரேட்டில் உரிய தலைப்பில், உரிய தேதியில் பதிந்த பிறகுதான் உண்மை நிலவரம் தெரியும். கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சிகள் காட்டியதெல்லாம் சிட்டையைத்தான்.

2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டு அறிக்கையில் திடீரென்று 444 மரணங்கள் கூடுதலாக ஏறின. அன்றைக்கு இறந்தவர்கள் இல்லை. சென்னையில் முந்தைய மாதங்களில் இறந்து, கணக்கில் விடுபட்டுப்போனவர்களை, ஒரு குழு பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துச் சேர்த்தது. இதைவிடப் பெரிய உதாரணம் பீகார். 2021 ஜூனில் அந்த மாநிலம் விடுபட்ட 3,951 மரணங்களை ஒரே மூச்சில் சேர்த்தது. ஜூன் 10 காலையில் இந்தியாவின் ஒரு நாள் மரணம் 6,148 என்று வந்தது. இன்றைக்கும் இந்தியாவின் மரண வரைபடத்தைப் பார்த்தால் கொரோனாவின் உச்ச நாட்களில் ஒன்றாக அது நெட்டுக்குத்தாக நிற்கும். உண்மையில் அந்த வாரம் அலை இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறக்கூடாது, 7 நாள் சராசரியைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். ஆனால் பீகார் மாதிரி மொத்தமாகக் கொட்டினால் 7 நாள் சராசரியும் ஏமாந்துபோகும். அப்போது செய்திக்குறிப்பைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ்நாட்டு அறிக்கையைக் குறை மட்டும் சொன்னால் நியாயமாகாது. நெடுநாள் வரை ஒவ்வொரு மரணத்துக்கும் வயது, பால், மாவட்டம், எப்போது சேர்த்தார்கள், எப்போது இறந்தார், இணைநோய் என்ன என்று ஆள்வாரியாகப் போட்டார்கள். பல மாநிலங்கள் வெறும் மொத்தத்தோடு நிறுத்திக்கொண்டபோது இது பெரிய விஷயம். அதை வைத்துத்தான் சேர்ப்புக்கும் மரணத்துக்கும் இடையே எத்தனை நாள், மரணத்துக்கும் அறிவிப்புக்கும் இடையே எத்தனை நாள் என்று வெளியாட்கள் கணக்குப் போட முடிந்தது. அந்த அறிக்கைகளைத் தினமும் உட்கார்ந்து எண்ணாக்கிய தன்னார்வலர்களையும் சொல்ல வேண்டும். கோவிட்19இந்தியா என்ற தன்னார்வத் தளம் 2020 மார்ச்சில் தொடங்கி 2021 அக்டோபர் 31 வரை ஓடியது. மாவட்ட வாரியாக ஒரே வடிவத்தில் எண் வேண்டும் என்றால் ஆராய்ச்சியாளர்களே அங்கேதான் போனார்கள். நிறுத்திய பிறகும் பழைய தரவு பொதுவில் கிடைக்கிறது.

தரவு காணாமல் போக ஏழை நாடாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு கிளைக்கதை. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 பேரின் பாசிட்டிவ் முடிவுகள் ஒரு வாரத்துக்குக் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டன. காரணம், பழைய வகை எக்செல் கோப்பு. அதில் 65,000 சொச்சம் வரிசைக்கு மேல் இடமில்லை, மீதி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போனது. கணினியில் வருகிறது என்பதாலேயே சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

இப்போது தொற்று எண்ணிக்கைக்கு வருவோம். "இன்று இத்தனை பேருக்குத் தொற்று" என்பதுதான் தலைப்புச் செய்தி. என் பார்வையில், உள்ளதிலேயே பலவீனமான எண் அதுதான். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். 2020 மே, ஜூனில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய முதல் ரத்த மாதிரிக் கணக்கெடுப்பில், நாட்டில் பெரியவர்களில் 0.73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. சின்ன எண்ணாகத் தோன்றும், ஆனால் ஆள் கணக்கில் அது 64 லட்சம். கண்டுபிடித்த ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் 80 முதல் 130 பேர் கணக்கில் வராமல் இருந்தார்கள் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது கணக்கெடுப்பில் அது 67.6 சதவீதம். தடுப்பூசியால் வந்த எதிர்ப்புச்சக்தியும் அதில் அடக்கம் என்றாலும், அறிக்கையில் இருந்த 3 கோடி சொச்சம் தொற்றோடு ஒப்பிட்டால் இடைவெளி எவ்வளவு என்று புரியும்.

அதனால் தொற்று எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பக்கத்திலேயே பரிசோதனை எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு பாருங்கள். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. கொரோனாக் காலம் முழுவதிலும் உச்சம் அதுதான். அன்றைக்குப் பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குப் பாசிட்டிவ். இந்த விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழே 2 வாரம் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்ன அளவுகோல். 5இல் ஒருவர் என்றால் வலை போதவில்லை, பிடிபடாதவர்கள் ஏராளம் என்று பொருள். 2022 ஜனவரியில் மறுபடியும் ஒரு நாளைக்கு 30,000ஐத் தாண்டியது. தொற்று எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இரண்டு அலையும் ஏறத்தாழ ஒரே உயரம். ஆனால் 2021 மே கடைசியில் நாளுக்கு 400க்கு மேல் இறந்தார்கள், 2022 ஜனவரியில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒமைக்ரான் வகை, தடுப்பூசி, ஏற்கெனவே தொற்று வந்துபோனது எல்லாம் சேர்ந்து தொற்றுக்கும் சாவுக்கும் இருந்த பழைய விகிதத்தையே மாற்றிவிட்டன. முந்தின அலையின் விகிதத்தைக் கொண்டு அடுத்த அலையைக் கணித்தவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

"இறப்பு விகிதம் 1 சதவீதம்" என்பது போன்ற பேச்சும் இதே மாதிரிதான். கண்டுபிடித்த நோயாளிகளில் இத்தனை சதவீதம் என்பது வேறு, தொற்றிய அத்தனை பேரிலும் இத்தனை சதவீதம் என்பது வேறு. முதலாவதில் வகுக்கும் எண் பரிசோதனையைப் பொறுத்தது, இரண்டாவது ரத்த மாதிரிக் கணக்கெடுப்பு இல்லாமல் தெரியாது. அதோடு இன்று இறப்பவர் 2, 3 வாரத்துக்கு முன் தொற்றியவர். அலை ஏறும்போது இன்றைய சாவை இன்றைய தொற்றால் வகுத்தால் விகிதம் குறைவாகத் தெரியும், இறங்கும்போது கூடுதலாகத் தெரியும்.

சரி, எதைத்தான் நம்புவது? எல்லாக் காரணங்களாலும் நிகழ்ந்த மொத்த மரணங்களை எண்ணுங்கள் என்பேன். கொரோனாவா, மாரடைப்பா, முதுமையா என்ற வழக்கே வேண்டாம். வழக்கமான ஆண்டுகளில் அந்த மாதத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர், வித்தியாசம் என்ன? கூடுதல் மரணம் என்று சொல்வது இதைத்தான். பரிசோதனை கிடைத்ததா, மருத்துவர் என்ன எழுதினார், அதிகாரிகள் ஏற்றார்களா என்ற மூன்று வாசலையும் இது தாண்டிவிடுகிறது. இறந்தவர் இறந்தவர்தான், அதில் தகராறு இல்லை. இந்தியாவில் மருத்துவர் சான்றோடு காரணம் எழுதப்படும் மரணங்கள் 2020இல் பதிவானவற்றில் 22.5 சதவீதம் மட்டுமே. மீதியில் எதனால் இறந்தார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. காரணத்தை நம்பிக் கட்டிய கணக்கு அந்த இடத்திலேயே ஆடிவிடும்.

நாடு முழுவதுக்கும் பதிவான மரணங்கள் 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி. 2021இன் கணக்கு 2025 மே மாதம்தான் வெளியானது என்பதை என்னவென்று சொல்ல! ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடியிருக்கிறது. அந்த ஆண்டில் அறிக்கைகளில் ஏறிய கொரோனா மரணம் 3.3 லட்சம் அளவு. இடையில் உள்ள அத்தனையும் கொரோனா என்று சொல்லிவிட முடியாது. பதிவு செய்யும் பழக்கமே ஆண்டுக்கு ஆண்டு கூடிவந்தது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததால் மற்ற நோய்க்காரர்களும் இறந்தார்கள். பொதுமுடக்கத்தில் சாலை விபத்துச் சாவு குறைந்தது. இதையெல்லாம் எப்படிக் கழித்துக் கூட்டுவது என்பதில்தான் நிபுணர்கள் சண்டை போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இந்தியாவில் கூடுதல் மரணம் 47 லட்சம். இந்திய அரசு அந்தக் கணிப்பு முறையை ஏற்கவில்லை. 47 லட்சம் என்பது கணித மாதிரியை வைத்துப் போட்ட கணிப்பு, ஆட்சேபிக்க இடமிருக்கிறது. ஆனால் அறிக்கையில் இருந்த 4.8 லட்சம் மிகக் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த முறை புதிதுமில்லை. 1918 இன்ஃபுளுயன்சாவில் இந்தியாவில் இறந்தவர்கள் 1.2 கோடி முதல் 2 கோடி வரை என்று இன்று சொல்கிறோமே, அந்தக் காய்ச்சலுக்கு அப்போது பரிசோதனையே கிடையாது. இறப்புப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1911இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921இல் 25.1 கோடி. இந்தியா எடுத்த கணக்கெடுப்புகளிலேயே எண்ணிக்கை இறங்கிய ஒரே பத்தாண்டு அது.

அப்புறம், உங்கள் ஊர்ச் சங்கம் இதை எப்படிச் செய்வது? கிராமத்தில் நடக்கும் மரணத்தை வி.ஏ.ஓ.விடம் பதிகிறோம், காரைக்குடி மாதிரி நகரத்தில் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் அனுமதி வாங்க வேண்டும், ஓராண்டு தாண்டினால் அலைச்சல் இன்னும் அதிகம். பதிவாளர்கள் மாதாமாதம் மேலே ஓர் அறிக்கை அனுப்புகிறார்கள். உங்களுக்குத் தேவை அதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் "எங்கள் பகுதியில் கொரோனாவில் எத்தனை பேர் இறந்தார்கள்" என்று கேட்காதீர்கள், "அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். புதிதாகத் தொகுத்துத் தரும் கடமையும் அவர்களுக்குக் கிடையாது. "2018 ஜனவரி முதல் இன்று வரை அனுப்பிய மாதாந்திர இறப்பு அறிக்கைகளின் நகல்" என்று, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தாளைக் கேளுங்கள். 2018, 2019 இரண்டும் கொரோனாவுக்கு முந்தைய வழக்கமான ஆண்டுகள், அவை இல்லாமல் எதையும் ஒப்பிட முடியாது. கடைசி ஓரிரு மாத எண்ணை மட்டும் நம்பாதீர்கள், தாமதப் பதிவுகள் இன்னும் வந்துகொண்டிருக்கும்.

தாள் கையில் வந்ததும் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 6 மரணம் என்பது கொரோனாவுக்கு முந்தைய நிலவரம். 2,000 பேர் உள்ள கிராமத்தில் ஆண்டுக்கு 12, மாதம் ஒன்று. ஒரு மாதத்தில் 3 பேர் போய்விட்டால் "மும்மடங்கு" என்று எழுதத் தோன்றும். அதில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இந்த மாதிரி எண்களில் இயல்பான ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூல அளவுக்கு இருக்கும். 12க்கு வர்க்கமூலம் மூன்றரை, அதன் இரு மடங்கு 7. ஆக, ஆண்டுக்கு 5 முதல் 19 வரை எது வந்தாலும் தற்செயலாக நடந்ததே என்று ஒதுக்கிவிடலாம். காரைக்குடி நகரத்துக்கு, 2011 கணக்குப்படி 1,06,714 பேர் என்றால், மாதம் 53 அளவு எதிர்பார்க்கலாம். அங்கே ஒரு மாதத்தில் 90 வந்தால் நிச்சயம் ஏதோ நடந்திருக்கிறது. அதனால் ஒரே கிராமத்தோடு நிற்காமல் சுற்றுப்பட்ட 10, 15 ஊர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டுக் கிராமங்களுக்கு அந்த 6 என்ற எண்ணும் பொருந்தாமல் போகலாம். இளவயதினர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரில் இருப்பது முதியவர்கள். ஆயிரத்துக்கு 10, 12 என்று வந்தாலும் ஊரில் நோய் இருப்பதாக அர்த்தமில்லை, வயது கூடிய ஊர், அவ்வளவுதான். மாநிலச் சராசரியோடு ஒப்பிடாமல் உங்கள் ஊரை உங்கள் ஊரின் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள்.

எத்தனை பேருக்கு இத்தனை சாவு என்பதில் அந்த முதல் 'எத்தனை'யைக் கண்டுபிடிப்பதும் இங்கே சுலபமில்லை. நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, புள்ளிக் கணக்கு உண்டு. கல்யாணமானால் ஒரு புள்ளி, கோயிலுக்கு இத்தனை, ஊருக்கு இத்தனை என்று சுத்தமாக இருக்கும், வரியும் அதன்படிதான். ஆனால் அந்தப் புள்ளி கோலாலம்பூரில் குடியிருந்தாலும் ஊர்க்கணக்கில் இருப்பார், ஊரிலேயே வாழும் மற்ற சமூகத்தார் அதில் இருக்க மாட்டார்கள். வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் வெளியூரில் இருப்பவர்கள் கலந்திருக்கிறார்கள். அரசின் மக்கள்தொகைக் கணக்கோ 2011உடன் நிற்கிறது. 2021இல் எடுக்க வேண்டியது நடக்கவில்லை, அடுத்ததற்கு 2027 மார்ச் 1ஐத்தான் அடிப்படைத் தேதியாக அறிவித்திருக்கிறார்கள். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் குடும்பவாரிப் பதிவு இருக்கும். இன்றைக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடக் கிட்டத்தில் வரும் கணக்கை நான் பார்த்ததில்லை.

டெங்குவுக்கு வழி வேறு. அங்கே சாவு எண்ணிக்கை வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வாரந்தோறும் எந்த மாவட்டத்தில் என்ன நோய் கிளம்பியது என்று பட்டியல் வெளியிடுகிறது. களப்பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என்று மூன்று மட்டத்திலிருந்து வரும் தகவல் அதற்கு அடிப்படை. அதைப் பார்க்கலாம், ஆனால் தாமதமாகத்தான் வரும். உங்களுக்கு உதவுவது கொசுப்புழுக் கணக்கு. பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் நிற்கும் பாத்திரங்களைப் பார்த்து, பார்த்த 100 வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது, 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் இருந்தது என்று இரண்டு எண் எடுப்பார்கள்.

'பார்த்த 100 வீட்டில்' என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்களில் ஒரு தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீடு கணக்கிலேயே வராது, புழு இருந்த வீட்டிலும் சேராது, பார்த்த வீட்டிலும் சேராது. திறந்திருக்கும் வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், அண்டாவைக் கவிழ்க்கிறார்கள், தொட்டியைத் தேய்க்கிறார்கள், அதனால் எண் அழகாக வரும். பக்கத்துப் பூட்டிய வீட்டில் முற்றத்து ஜலதாரை அடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் நிற்கும், பின்கட்டில் ஆட்டுக்கல் குழியிலும் உடைந்த ஜாடியிலும் நிற்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். கொசு பறப்பது சில நூறு மீட்டர்தான், அந்தத் தூரத்துக்குள்தான் உங்கள் வீடும் இருக்கிறது. புழுக் கணக்கு குறைவாக இருக்கும் தெருவில் காய்ச்சல் கூடுதலாக இருந்தால், எண் பொய் என்று சொல்வதற்கு முன் எத்தனை வீடு பூட்டியிருந்தது என்று கேளுங்கள்.

இதில் சங்கத்தால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு, அரசால் ஆகாதது. சாவி. பெரிய வீடுகளில் பங்காளிகளின் அறைகள் தனித்தனியாகப் பூட்டியிருக்கும், அதைத் திறக்க வேண்டியதில்லை. முகப்பு, முற்றம், பின்கட்டு, மொட்டைமாடி போதும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் யார், சாவி யாரிடம் என்று தெருவாரியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் பணியாளர்களோடு ஒரு ஆளை அனுப்புங்கள். படிவத்தில் "பூட்டிய வீடு" எண்ணிக்கையையும் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இறப்புப் பட்டியலைச் சங்கப் பலகையிலோ வாட்ஸப் குழுவிலோ பெயரோடு போட வேண்டாம். 2,000 பேர் ஊரில் "72 வயது, பெண், மேலத்தெரு" என்றாலே யாரென்று தெரிந்துவிடும். கொரோனா தொடக்கத்தில் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி, தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்களே, அதற்குப் பயந்தே எத்தனையோ பேர் பரிசோதனைக்குப் போகவில்லை. மாதம், வயதுப் பிரிவு, எண்ணிக்கை, இது மட்டும் வெளியே போகட்டும். ஒரு மாதத்தில் 5க்குக் குறைவாக இருந்தால் அதையும் பிரித்துப் போடாமல் மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் போடுங்கள். மூலப் பட்டியல் ஒரே ஒருவர் பொறுப்பில், பூட்டில் இருக்கட்டும்.